காளியப்பன் சொல்லாத இடம்

காளியப்பன் இறந்த பிறகு வந்த முதல் இடிமழைக்கு மறுநாள், அவர் தங்கை ராமாத்தாள் அண்ணி அங்கம்மாளுக்கு ஒரு கிண்ணத்தில் காளான் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த தெருவில்தான் அவள் வீடு.

"அண்ணனுக்குப் புடிச்சதுங்க நங்கையா. சூட்டோட சாப்புடுங்க."

ஒரு வாய் வைத்ததுமே அங்கம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இது கடைக் காளான் இல்லை, புற்றுக்காளான். அவள் கணவர் வருடா வருடம் விடியுமுன் போய் ஈரத்துண்டில் முடிந்து வருவாரே, அதே மணம். எங்கே கிடைத்தது என்று கேட்டால் "காட்டுல" என்பார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். காளான் முளைக்கும் இடத்தை வாய்விட்டுச் சொன்னால் மறுவருடம் அங்கே முளைக்காது என்பார்கள் ஜலகண்டாபுரத்துப் பக்கம். அவளும் அதை நம்பி, தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக்கொண்டு, அவர் கொண்டுவந்ததை ஆக்கிப் போட்டுக்கொண்டு, கேட்பதையே விட்டுவிட்டாள்.

தங்கைக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்!

குழம்பு இறங்கவில்லை என்று சொல்ல முடியாது. வழித்துத்தான் தின்றாள். தின்னத் தின்ன வயிறு எரிந்தது. ஆஸ்பத்திரியில் ராப்பகலாக உட்கார்ந்து அவருக்கு வாய் துடைத்துவிட்டது யார்? சாத்துக்குடிப் பையோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனவளுக்கு அந்த இடம். தனக்கு வெறும் "காட்டுல".

அடுத்த மழை விட்ட விடியலில், களைக்கொத்தைச் சேலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு ராமாத்தாளின் பின்னாலேயே போனாள். சோளக்காடு தாண்டி, ஓடைக்கரையில் தொய்யக்கீரை மண்டிக் கிடந்தது. வேறொரு நாளாக இருந்தால் மடி நிறையக் கிள்ளியிருப்பாள். இன்று மிதித்துக்கொண்டு நடந்தாள். கிளுவை வேலி ஓரம், கரைந்த புற்றடியில் ராமாத்தாள் குந்தினாள். வெள்ளைக் குடைகள் மண்ணைப் பிளந்துகொண்டு நின்றன.

கையால் மெல்லத் திருகி எடுத்து, குழியை மண்ணால் மூட வேண்டும். இரும்பு படவே கூடாது. தெரிந்தேதான் அங்கம்மாள் ஓடிவந்து கொத்தை ஓங்கிப் போட்டாள்.

"ஐயோ சாமி! இரும்பு போடாதீங்க நங்கையா!"

"உங்கண்ணன் உனக்குத்தான சொல்லிட்டுப் போனாரு? இனி ஒருத்திக்கும் வேண்டாம்!"

ராமாத்தாள் திகைத்துப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"எனக்கா? அண்ணன் பெத்த ஆத்தாளுக்கே சொன்னதில்லீங்க. நீங்க எப்புடி வந்தீங்க?"

"உம் பின்னால."

"நானும் அப்புடித்தானுங்க. போன வருசம் அண்ணன் பின்னாலயே பதுங்கிப் பதுங்கி வந்தேன். முள்ளு கிழிச்ச தழும்பு இன்னும் கெடக்குது, பாருங்க."

புற்றின் பஞ்சு போன்ற உள்கூடு கொத்து முனையில் நொறுங்கி ஒட்டியிருந்தது. இனி இங்கே முளைக்குமோ என்னவோ. அழுகை வந்திருக்க வேண்டும். ஆனால் அங்கம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இவளுக்கும் சொல்லவில்லை.

"நல்லவேளை" என்றாள் தன்னையறியாமல்.

"என்னங்க நல்லவேளை? பொன்னாட்டம் இருந்த எடத்தைக் கெடுத்துப்போட்டு!"

"சரி சரி, பொறுக்கு. ஆளுக்குப் பாதி."

"கொத்துப் போட்டவங்களுக்குப் பாதி வேறயா?" என்று முனகியபடியே ராமாத்தாள் தேக்கிலைகளை விரித்துப் பங்கு வைத்தாள். பெரிய குடைகள் எந்த இலையில் விழுகின்றன என்று அங்கம்மாள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.