சித்தப்பாவுக்கு நான் எழுதிய அட்டை

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் பில்லை மேலிருந்து வாசிக்கிறவர்கள் ஒரு ரகம், அடியிலிருந்து வாசிக்கிறவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. "சேவைக் கட்டணம் பத்து வீதம்" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் என்ன சாப்பிட்டோம் என்பதற்கே போவேன். அந்த வரி இருந்தாலும், பரிமாறியவர் கையில் தனியாக எதையாவது வைக்காமல் எழுந்திருக்க மாட்டேன். "அதான் பில்லுலயே போட்டிருக்கானே, ரெண்டு தரம் அழணுமா?" என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு சாக்குச் சொல்வேன். உண்மையான பதில் என் பதினோராவது வயதில், இலங்கை மலைநாட்டில், அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடக்கிறது.

இரண்டாயிரங்களின் தொடக்கம் அது. சண்டை ஓய்ந்து, வெள்ளைக்காரர்கள் மறுபடியும் மலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் தோட்டத்துப் பெரிய பங்களாவில் குடியிருக்கத் துரை யாரும் இல்லாமல், கம்பெனி அதைப் பயணிகள் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தது. அங்கே சாப்பாட்டு மேசையில் பரிமாறுகிற வேலை என் அப்பாவின் தம்பிக்கு. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் எங்களுக்கு அடுத்த அறை, அடுத்த காம்பரா, அவருடையது. காலையில் அவர் வெள்ளைக் கோட்டும் கறுப்புச் சப்பாத்துமாக வாசலில் இறங்கினால், வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள், "தொரை கெளம்பிட்டாருப்பா, வழி விடுங்க" என்று கேலி செய்வார்கள். "தொரைமாருக்கே சோறு போடுறவன்டா நான்" என்று சொல்லிக்கொண்டே சித்தப்பா சேற்றில் படாமல் தாண்டித் தாண்டிப் போவார்.

அவர் வேலையைப் பார்த்தவர்கள் கேலி செய்ய மாட்டார்கள். பங்களாவின் குசினிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் நீண்ட விறாந்தையும் இரண்டு படியும் உண்டு. நாலு தட்டு சூப்பை ஒரே தட்டத்தில் ஏந்திக்கொண்டு அவ்வளவு தூரமும் வருவார். ஒரு சொட்டு விளிம்பில் ஏறியிருக்காது. விடுமுறை நாட்களில் நான் குசினிப் பக்கத்துச் செடி வேலியில் நின்று அதைப் பார்த்திருக்கிறேன். எனக்கே கைதட்டத் தோன்றும்.

விருந்தாளி மனம் குளிர்ந்து கையில் வைக்கிற காசுக்கு எங்கள் பக்கத்தில் சந்தோசம் என்றுதான் பெயர். அதற்குச் சித்தப்பா தனக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தார். வாய் திறந்து கேட்கக் கூடாது. கையை நீட்டக் கூடாது. புறப்படுகிறவர்களின் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வரக் கூடாது. கார்க் கதவுக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தபடி நிற்பார். அவர் கேட்க மாட்டார்தான், ஆனால் அவரைத் தாண்டாமல் யாரும் காரில் ஏறவும் முடியாது. "சூப் நல்லா இருந்துச்சு, ஒங்க பரிமாறுற அழகே அழகுன்னு சொல்லிட்டுக் குடுத்தாங்க" என்று மாலையில் வந்து சொல்வார். காசைவிட அந்தப் பேச்சைத்தான் இரண்டு தரம் சொல்வார்.

சம்பளம் வீட்டுக்கு, சந்தோசம் பதுளைக்கு. அது அந்த வீட்டு ஏற்பாடு. சித்தப்பாவுக்கும் சித்திக்கும் கல்யாணமாகி எட்டு வருடமாகியும் பிள்ளை இல்லை. பதுளையில் ஒரு லேடி டாக்டர் இரண்டு பேரையும் மாதம் ஒரு தடவை வரச் சொல்லியிருந்தார். மருந்தை இடையில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தாராம். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வருவார்கள். இதெல்லாம் பின்னால் அம்மா சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ரயிலை விட்டு இறங்கும்போது சித்தியின் கையில் எனக்கென்று ஒரு மஸ்கட் இனிப்புப் பார்சல் இருக்கும் என்பதுதான்.

அந்த வருடம் பங்களாவுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கையால் எழுதிய துண்டுக்குப் பதிலாக அச்சடித்த பில் வந்தது. அதோடு சந்தோசம் நின்றுபோனது. விருந்தாளிகள் சிரித்த முகமாகக் கையசைத்தார்கள், காரில் ஏறினார்கள், போய்விட்டார்கள். சித்தப்பா மலையைப் பார்த்தபடியே நின்றார்.

வேறு யாராக இருந்தாலும் வெள்ளைக்காரர்கள் கஞ்சர்கள் என்று ஏசியிருப்பார்கள். சித்தப்பா தன்னையே சந்தேகப்பட்டார். சூப் ஆறிப்போகிறதோ, கிட்டப் போகும்போது தன் மேல் அடுப்புப் புகை மணக்கிறதோ என்று சித்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். பொழுது சாய்ந்ததும் லயத்து வாசலில் ஒரு பலகை மேல் நாலு தண்ணீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்து பழகினார். வயது முப்பத்தைந்தைத் தாண்டிய மனிதர், பிள்ளைகளெல்லாம் பின்னால் ஊர்வலம் போக, மூச்சைப் பிடித்துக்கொண்டு நடப்பார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சித்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மாதம் பதுளைக்குப் போகவில்லை. அடுத்த மாதமும் போகவில்லை. எனக்கு மஸ்கட் இல்லாமல் போன வருத்தம்.

அப்படி இருக்கையில் ஒரு நாள், விருந்தாளி யாரோ மேசையில் விட்டுப்போன பில்லைச் சித்தப்பா மடித்துக் கொண்டுவந்தார். வழுவழுப்பான தாள், பின்பக்கம் கணக்குப் போட எனக்கு உதவும் என்று கொண்டுவந்திருக்கிறார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு இங்கிலீஷில் நான்தான் முதல். எதைக் கண்டாலும் சத்தமாக வாசித்துக் காட்டுகிற வியாதி எனக்கு இருந்தது. ரொட்டி, முட்டை, தேநீர் என்று வாசித்துக்கொண்டே வந்து கடைசி வரியில், "சேவைக்குப் பத்து வீதம்னு போட்டிருக்கு சித்தப்பா" என்றேன்.

"என்ன சேவ?"

"நீங்க பரிமாறுறீங்கல்ல, அதுக்கு."

சித்தப்பா எழுந்து நின்றுவிட்டார். "அடிப்பாவி! அப்ப குடுக்கத்தான் செஞ்சிருக்காங்க! ஏய், கேட்டியா? என் கையில கொற இல்ல!" என்று சித்தியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தக் காசு தன் கைக்கு வரவில்லையே என்ற எண்ணம் அவருக்கு அடுத்த நாள்தான் வந்தது. பங்களா மெனேஜரிடம் கேட்டதற்கு, அது கொழும்பில் கம்பெனிக்குப் போய், எல்லாருக்கும் பிரிந்து வரும் என்றாராம். வரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா ஒரு வெள்ளை அட்டையோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தார். பிஸ்கட் பெட்டியிலிருந்து ஓரம் கோணாமல் வெட்டிய அட்டை.

"எழுது தாயி. ஐயா, அம்மா. பில்லுல நீங்க கட்டுற சேவக் காசு எங்க கைக்கு வர்றதில்லீங்க. அதக் குத்தமாச் சொல்லல. நான் பரிமாறுனது ஒங்களுக்குப் புடிச்சிருந்தா மட்டும், ஒங்க இஷ்டப்படி. புடிக்காட்டி வேணாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேக்குற மாதிரி இருக்கக் கூடாது, வெளங்குச்சா? தெரியப்படுத்துற மாதிரி இருக்கணும்" என்றார்.

கேட்காமல் தெரியப்படுத்துவது எனக்குத் தமிழிலேயே வராது. இங்கிலீஷில் எங்கே போவேன்? என்னிடம் இருந்த இங்கிலீஷ் எல்லாம் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதி வைத்திருந்த மாதிரிக் கடிதங்கள்தான். லீவு கேட்டு ஒன்று, பிறந்தநாளுக்கு அழைத்து ஒன்று, உதவி கேட்டு ஒன்று. மூன்றாவதைப் பிரித்தேன். ஐயா, நான் ஓர் ஏழைத் தொழிலாளி. எனக்கு நாலு பிள்ளைகள், இரண்டு ஆண், இரண்டு பெண். கடைசிப் பிள்ளை நோயாகக் கிடக்கிறது. அவர்களுக்கு உடுக்க நல்ல உடுப்பு இல்லை. இரக்கம் கொண்டு உதவி செய்யுங்கள். இதுதான் அந்தக் கடிதம். மாதிரிக் கடிதத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் டீச்சர் மார்க்கைக் குறைப்பார். அதனால் நான் எதையும் மாற்றவில்லை. சேவைக் காசு எங்களுக்கு வருவதில்லை என்ற ஒரு வரியை மட்டும் கடைசியில் சேர்த்து, சுற்றிவர ரோஜாப்பூ வரைந்தேன்.

வாசித்துக் காட்டச் சொன்னார். மேசை இங்கிலீஷ் கொஞ்சம் பேசுவாரே தவிர, அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் வாசித்த வேகத்தில் வெள்ளைக்காரனுக்கே விளங்கியிருக்காது. "நான் சொன்னது கொஞ்சமால்ல இருந்துச்சு, இது நீளமாப் போகுதே?" என்றார்.

"இங்கிலீஷ்ல நீளமாத்தான் வரும் சித்தப்பா" என்றேன். என் படிப்பைப் பற்றிச் சித்தப்பாவுக்கு இருந்த மரியாதை எனக்கே இருந்ததில்லை.

விருந்தாளிகள் புறப்படுகிற நாள் காலைச் சாப்பாட்டில், மெனேஜர் கண்ணில் படாமல் பட்டர் தட்டுக்கு அடியில் அந்த அட்டையை வைப்பார். முதல் நாளே பலித்தது. அடுத்த வாரம் இன்னும் பலித்தது. முன்பு கொடுத்ததைவிட அதிகமாகவே கொடுத்தார்கள். சித்தியும் சித்தப்பாவும் மறுபடி பதுளை ரயில் ஏறினார்கள். இரண்டு மஸ்கட் பார்சல் வந்தது, ஒன்று எழுத்தாளருக்கான கூலி.

சித்தப்பாவுக்கு மட்டும் ஏதோ நெருடியது. "முந்தியெல்லாம் சூப்பப் பத்திச் சொல்லிட்டுக் குடுப்பாங்க. இப்ப ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறாங்க. தோளத் தட்டிட்டுக் குடுக்குறாங்க" என்று அப்பாவிடம் சொன்னார். "குடுக்குறாங்கல்ல, அப்புறம் என்ன?" என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை நான் செடி வேலியில் நின்றிருந்தேன். நாலு நாள் தங்கிய வெள்ளைக்காரத் தம்பதி புறப்படுகிற நேரம். சித்தப்பா வழக்கம்போலக் கதவுக்குப் பக்கத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா காசைக் கொடுத்ததோடு நிற்கவில்லை. வேனுக்குள்ளிருந்து ஒரு பெரிய பையை எடுத்துச் சித்தப்பாவின் கையில் வைத்தார். பிறகு அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார். அந்த அம்மாவின் கண் கலங்கியிருந்தது. என் இங்கிலீஷ் ஓர் உண்மையான வெள்ளைக்காரியை அழவைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சித்தப்பா விளங்காமல் வேன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தமிழ் ஆள். "ஒங்க நாலு புள்ளைங்களுக்காம் அண்ணே. நேத்து பண்டாரவளை டவுன்ல போய் வாங்கினாங்க. கடைசிப் புள்ளைக்குச் சொகமில்லையாமே, இப்ப எப்பிடி இருக்குன்னு கேக்குறாங்க."

சித்தப்பா பையைப் பார்த்தார், அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "இப்பப் பரவால்லீங்கன்னு சொல்லுங்க" என்றார்.

வேன் போன பிறகும் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றார். என்னைக் கண்டார், கூப்பிடவில்லை. குனிந்த தலையோடு குசினிக்குள் போய்விட்டார். தட்டத்தில்கூட அவர் எதையும் அவ்வளவு கவனமாக ஏந்திப் போய் நான் பார்த்ததில்லை.

மாலையில் அவர் வந்ததும் வராததுமாக நான் அடுத்த காம்பராவுக்கு ஓடினேன். பையைச் சித்தியின் முன்னால் வைத்தார். சித்தி ஒவ்வொன்றாக எடுத்துப் பாய்மேல் பரப்பினார். இரண்டு கவுன், இரண்டு சின்னக் காற்சட்டை, கம்பளித் தொப்பி ஒன்று, என் இரண்டு விரல் மட்டுமே போகக்கூடிய காலுறை ஒரு சோடி, ஒரு பெட்டி கலர் பென்சில்.

"யாருக்குங்க இதெல்லாம்?" என்றார் சித்தி.

சித்தப்பா என்னைத்தான் பார்த்தார். கோட்டுப் பையிலிருந்து அட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். பட்டர் பட்டு ஒரு ரோஜாப்பூ மட்டும் மஞ்சளாகியிருந்தது.

"இனி இது வேணாம் பாப்பா."

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. "எழுத்துப் பிழை இருக்கா சித்தப்பா? நான் வேற எழுதித் தாறேன்."

"பிழையெல்லாம் இல்ல தாயி. நீ நல்லாத்தான் எழுதியிருக்க. படிச்சவங்க அழுறாங்கல்ல" என்றார். பிறகு பாயில் உட்கார்ந்து, அந்தக் காலுறையைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார். "எத்தன புள்ளைன்னு போட்ட?"

"நாலு. ரெண்டு ஆம்புள, ரெண்டு பொம்புள."

துணிகளை மடித்துக்கொண்டிருந்த சித்தியின் கை நின்றது.

"பேரும் வச்சியா?"

நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஓரம் வரைக்கும் பூ வரைந்துவிட்டிருந்தேன். "இல்ல சித்தப்பா. எடம் பத்தல."

சித்தப்பா சிரித்தார். பலமாக, வெகு நேரம் சிரித்தார். சித்தி விறகு எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அடுப்புக்குப் பக்கத்தில் விறகு நிறையவே இருந்தது. இந்த மழையில் எதற்காகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டே, கலர் பென்சில்களை எனக்கே தருவார்களா என்று கேட்பதற்காக அவர் திரும்பி வரும்வரை நான் காத்திருந்தேன்.