மில் சங்கும் பன்னிரண்டு தொட்டிலும்

பிள்ளை பெற்று வளர்ப்பது ஒரு பாடு. பன்னிரண்டு பேர் பெற்ற பிள்ளைகளைச் சம்பளத்துக்கு வளர்ப்பது வேறு பாடு.

மில் சங்கு ஊதினால் தாய்க்குப் பால் சுரக்கும் என்று எனக்கு முதலில் சொன்னவள் ரீலிங் மாரியம்மாள். யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், மதுரையில் ஒரு நூல் மில்லில் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக நான் சேர்ந்த அன்றைக்கே சொன்னாள். என் மூன்று பிள்ளைகளும் அதற்குள் தலையெடுத்துவிட்டார்கள். மிஷன் பள்ளியில் மூணாம் வகுப்பு படித்திருந்ததால் சிலேட்டில் பிள்ளைகள் பேரை எழுதத் தெரியும். அதற்குத்தான் என்னை எடுத்தார்கள். கைக்குழந்தையோடு மணி பார்த்துப் பிழைத்த தாய்மாரே, நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதுசாக இருக்காது.

சங்கு யாருக்கு?

கொட்டகைக்கும் ரீலிங் பகுதிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தப் பக்கம் பெண்கள் நின்றபடி நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றுவார்கள். இந்தப் பக்கம் உத்திரத்தில் பன்னிரண்டு சேலைத் தொட்டில். நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் அவர்கள் பக்கம்தான். பால் கொடுக்கிற நேரத்துக்குச் சங்கு ஊதும், மேஸ்திரி கதவைத் திறப்பார், கால் மணி கழித்து மறுபடி சாத்துவார்.

முதல் நாள் சங்கு ஊதியதும் நான் பயந்தே போனேன். தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் பன்னிரண்டும் கண்ணைத் திறக்குமுன்னே வாயைத் திறந்தன. ஓடிவந்த பெண்கள் அத்தனை பேருக்கும் மாராப்பு நனைந்திருந்தது. முன்னால் வந்த மாரியம்மாள் என் முழியைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "என்ன ஆயாம்மா அப்படிப் பாக்குறீக? அவன் மில்லுக்கு ஊதுறான். இந்தப் பாழாப்போன மாருதான் தனக்கு ஊதுறான்னு நெனைச்சுக்கிருது!"

அழாத பிள்ளை

பர்மாவில் குண்டு விழுந்த வருஷம் அன்னக்கிளி வந்து சேர்ந்தாள். ஊர் சோழவந்தான் பக்கம். புருஷன் ரங்கூனில் மூட்டை தூக்கப் போனவன். கடுதாசி நின்றுபோயிருந்தது. நாலு மாசப் பெண் குழந்தை, பேர் பொன்னுத்தாயி. முதல் வாரம் அது அழுத அழுகையில் சுவரே விரிந்துவிடும் போலிருந்தது. இரண்டாவது வாரத்திலிருந்து அழவே இல்லை. பழகிவிட்டதாக்கும் என்று நான் மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் சர்க்கார் இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தார். அவர் வருகிறார் என்று சேலைத் தொட்டில்களை அவிழ்த்துவிட்டு இரும்புக் கட்டில்களைப் போட்டார்கள். பிள்ளைகளுக்கு அது ஆகவில்லை. பதினொன்றும் ஊரைக் கூட்டின. பொன்னுத்தாயி மட்டும் அசையாமல் கிடந்தாள். அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். அதற்கும் அவள் அசையவில்லை. நான் ஓடிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். அவரோ மேஸ்திரியிடம் திரும்பிச் சந்தோஷமாகச் சொன்னார்: "எல்லாப் பிள்ளையும் இதைப் போல இருந்தால் மில் நன்றாக நடக்கும்."

கட்டைவிரல் நகம்

மறுநாள் காலை அன்னக்கிளி பிள்ளையைத் தொட்டிலில் போடும்போது அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்துக்குள் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். அபின். பிள்ளை தூங்கட்டும் என்று நகத்தால் கிள்ளி நாக்கில் தடவியிருக்கிறாள்.

நான் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் மேஸ்திரி வருவார். வந்தால் அன்றோடு அவளுக்கு வேலை போகும், பிள்ளைக்கு இருக்கிற ஒரே ஆதரவும் போகும். "தாயி, பிள்ளை முழிக்காமலே போயிட்டா என்ன செய்வே?" என்று மட்டும் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "அந்தப் பக்கம் மேஸ்திரி காதுக்குள்ள வந்து கத்துனாக்கூட மிஷின் சத்தத்துல கேக்க மாட்டேங்குதுக்கா. இவ அழுதா மட்டும் கேக்குது. கேட்டா கை நிக்குது. கை நின்னா நூல் அறுந்துபோகுது. இன்னொரு தடவை எடத்தை விட்டு நகர்ந்தா சீட்டைக் கிழிச்சிருவேன்னுட்டாரு."

இனி கொடுப்பதில்லை என்று பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். நானும் யாரிடமும் சொல்வதில்லை என்றேன். நான் செய்தது சரியா என்று மாதாவிடம் எத்தனையோ நாள் கேட்டிருக்கிறேன். அன்னக்கிளி போகும்போது சொன்னாள்: "நீங்க இவளை இடுப்பை விட்டு எறக்காதீக அக்கா. அது போதும்."

ஊதாத சங்கு

அந்த மாசமே உத்தரவு வந்தது. இனிமேல் வேலைக்கெல்லாம் சங்கு ஊதக்கூடாது. ஏரோப்ளேன் குண்டு போட வந்தால் மட்டும்தான் ஊத வேண்டும். மேஸ்திரி பெண்களை வரிசையில் நிறுத்திப் பாடம் எடுத்தார். "சங்குச் சத்தம் கேட்டா மிஷினை அப்படியே போட்டுட்டு ஓடணும். எதுக்கு, ஏன்னு ஒருத்தியும் கேக்கப்படாது."

பால் கொடுக்கும் நேரத்துக்கு அவர் கதவைத் திறந்து கையைத் தட்டினார். பெண்கள் வந்தார்கள், மடியில் போட்டுக்கொண்டார்கள். பால் வரவில்லை. பிள்ளைகள் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டன. கால் மணியில் பாதி போய்விட்டது. மாரியம்மாள் என்னைப் பார்த்து, "ஆயாம்மா, நீங்களாச்சும் ஊதுங்களேன்!" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் இரண்டு கையையும் வாயில் குவித்து, வெளியே கேட்காமல் மெல்ல "ஊ..." என்றேன். முதலில் பிள்ளைகள் வாயைத் திறந்தன. அப்புறம் பெண்களுக்குப் பால் இறங்கியது. அன்னக்கிளிக்கு மட்டும் இறங்கவே இல்லை. கடுதாசிக் கவலையிலேயே அவளுக்குப் பால் வற்றிக்கொண்டு வந்தது. மாரியம்மாள் நெஞ்சைத் தட்டிச் சொன்னாள்: "பாத்தியாடி, நம்ம மாரு சர்க்கார் உத்தரவைக்கூட மதிக்க மாட்டேங்குது!"

அந்தச் செவ்வாய்க்கிழமை

நாலு நாள் பொன்னுத்தாயி பசியில் கத்தினாள். இடுப்பிலேயே வைத்திருந்தேன். சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்தேன். அழுகை நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை அன்னக்கிளி தூங்குகிற பிள்ளையைத் தந்துவிட்டு முகம் கொடுக்காமல் போனாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால் பிள்ளை கையும் காலும் துணி போலத் தொங்கின. உதடு நாவல்பழ நிறம். மறுபடியும் அபின். மூச்சு வந்தது, நின்றது, நெடுநேரம் கழித்து வந்தது.

உள்ளங்காலில் அடித்தேன். தண்ணீர் தெளித்தேன். நடுக்கதவைக் கை வலிக்க இடித்தேன். மிஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? வெளிவாசல் வழியே ஓடலாமென்றால் மற்ற பதினொரு பிள்ளைகளை யாரிடம் விடுவது? "மாதாவே, எனக்கு ஒண்ணும் தோணலையே" என்று வாய்விட்டு அழுதேன். அப்போதுதான், தூக்கத்திலும் சங்குக்கு வாய் திறக்கிற பிள்ளை இது என்ற நினைப்பு வந்தது. கையைக் குவித்து அவள் காதோரம், இந்தத் தடவை அடிவயிற்றிலிருந்து, ஊதினேன். மூச்சு முட்ட ஊதினேன். தொட்டிலில் இருந்த பதினொன்றும் ஒரே குரலில் வீறிட்டன. பொன்னுத்தாயியின் உதடு அசைந்தது. சப்புவது போல ஒரு தடவை, இரண்டு தடவை. பிறகு பூனைக்குட்டி போல ஒரு முனகல்.

சுவருக்கு அந்தப் பக்கம் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. தாழ்ப்பாளைத் தள்ளிக்கொண்டு மாரியம்மாள், பின்னால் எல்லாரும், கடைசியில் அன்னக்கிளி. அவள் பிள்ளையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "ஜன்னி கண்டிருக்கு, மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஓடு" என்று பிள்ளையை அவள் கையில் திணித்து வெளிவாசலைக் காட்டினேன். ஜன்னி என்றது மற்றவர்கள் காதுக்காகச் சொன்ன பொய். அறிந்தே சொன்னேன். அவள் படி இறங்கும்போது மேஸ்திரி வந்துவிட்டார்.

"எவ சொல்லி எடத்தை விட்டீக? எல்லாச் சீட்டையும் கிழிக்கவா?" என்று கத்தினார். நான்தான் ஊதினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மாரியம்மாள் முந்திக்கொண்டாள். "ஏன் அண்ணே, சங்குச் சத்தம் கேட்டா மிஷினைப் போட்டுட்டு ஓடணும், எதுக்குன்னு கேக்கப்படாதுன்னு நீங்கதானே பாடம் எடுத்தீக?"

அவர் எங்களைப் பார்த்தார். அழுகிற பிள்ளைகளைப் பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். யார் சீட்டும் கிழியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பொழுது சாயும் வரை பிள்ளையைத் தூங்கவிடாமல் தோளில் போட்டு நடக்கச் சொன்னார்களாம். பிழைத்தாள். இப்போது யுத்தம் முடிந்து சங்கு பழையபடி ஊதுகிறது. பொன்னுத்தாயி பள்ளிக்கூடம் போகிறாள்.

நூல் சுற்ற வந்த மிஷினுக்கு எங்கள் மாரும் பிள்ளைகள் வயிறும் பழகிக்கொண்டன, மிஷின்தான் இன்னும் எங்களுக்குப் பழகவில்லை.

மில் பக்கம் போகும்போது சங்கு ஊதக் கேட்டால், மாராப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற பெண்ணுக்குக் கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள்.