அமெரிக்கா போகாத பிரசவ லேகியம்

இன்று அரியலூர் கூரியர் கடையில் எனக்கு முன்னால் ரெட்டிபாளையத்து அக்கா ஒருவர். அமெரிக்காவில் பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கு, வீட்டிலேயே கிளறிய லேகியம் அனுப்ப வந்திருந்தார்.

பார்சல் கட்டும்போது மகளே போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"அனுப்பாதம்மா. இதுக்கும் இப்ப இங்க வரி கட்டணும். பாலு, டயப்பர் எல்லாமே ஏறிப்போச்சு. சமாளிக்க முடியல."

"வெல கொறையும்னுதானடி மாப்ள ஓட்டுப் போட்டாரு?"

"அவரு ஓட்டுப் போட்ட ஆளுதாம்மா வரியே போட்டாரு."

அக்கா போனை வைத்தார். "இங்க ஓட்டுக்குக் கட்சிக்காரங்க காசு குடுக்குறாங்க. அங்க ஓட்டுப் போட்டவனே கட்டணும் போலருக்கு."



"எங்க வூட்ல இதச் சாப்புட யாரு இருக்கா?" என்று டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் பிள்ளை பெற்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். இங்கே இதற்கு இன்னும் வரி போடவில்லை.