மூன்று கை, மூன்று கால்

எலும்பு முறிந்தவர்களுக்கு அறை வாடகைக்கு விடும் தொழிலில் கட்டுப் போடுவது வைத்தியர் பொறுப்பு, ஆற வைப்பது கடவுள் பொறுப்பு, அதுவரை புலம்பலைக் கேட்பது அறைக்காரன் பொறுப்பு. நோயாளிக்கு ஆறுதல் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும் என்பதால் துணிந்து எழுதுகிறேன். ஆந்திர ராஜ்யம் பிறந்த புதிது. எலும்புக் கட்டுக்குப் பேர்போன எங்கள் புத்தூர் அதில் சேர்ந்துவிட்டது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராஸுக்கு என்ற எல்லைச் சண்டை மட்டும் ஓயவில்லை.

சிரிக்கச் சொன்னது

வரதய்யபாளையத்து முனுசாமி மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டும்போது சறுக்கிக் கிணற்றில் விழுந்தவர். வலது கால் முறிவு, விலாவில் விரிசல். மழைக்குள் எழுந்து ஏர் பிடிக்காவிட்டால் குத்தகை நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். நாள் முழுதும் இதே கவலை. நாலு புத்தகம் படித்த கொழுப்பில், துன்பம் வந்தால் சிரிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பெரியவங்களுக்கு விலா முறிஞ்சிருந்திச்சா நைனா? சிரிச்சா உசிரு போவுது!"

முட்டை விவகாரம்

பக்கத்து அறையில் தாலுகா ஆபீஸ் டவாலிச் சேவகர் சுப்பய்யா. சைக்கிளிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டவர். திருமலைக்கு வேண்டிக்கொண்டு முட்டை, மாமிசம் விட்டிருந்தார். கையில் போட்ட கட்டில் முட்டை வெள்ளைக்கரு பூசியிருப்பது பிந்தித்தான் தெரிந்தது. விரதம் கெட்டதா என்று என்னைக் கேட்டார். உண்பது வேறு, பூசுவது வேறு என்று அரை மணி நேரம் விளக்கினேன்.

"சரே அய்யா, வெள்ளை என் கைமேல இருக்குது. மஞ்சக்கரு ஏமாயிந்தி, எங்க போச்சு? அதை எவன் தின்னான்?"

கூட்டுக் குடித்தனம்

சுப்பய்யாவால் வேட்டி முடிச்சுப் போட முடியாது. முனுசாமியால் தண்ணீர்த் தொட்டிவரை போக முடியாது. முனுசாமி முடிச்சுப் போட, சுப்பய்யா தோள் கொடுக்க, மூன்று கையும் மூன்று காலும் சேர்ந்து ஒரு முழு ஆளாக நடமாடின. வரதய்யபாளையம் எந்த ராஜ்யத்துக்கு என்ற வாக்குவாதமும் கூடவே நடந்தது.

வைத்தியர் முனுசாமியின் கால் கட்டைப் பிரித்து, "கூடிவிட்டது, ஊன்றலாம்" என்றார். முனுசாமி ஊன்றவில்லை. வானம் வேறு கறுத்துவிட்டது. எலும்பு கூடும் விதத்தை நான் படம் போட்டே காட்டினேன்.

"காலு ஆறிச்சி நைனா, பயம் ஆறலியே. சுப்பய்யா தோளு இருக்கசொல்ல எனக்கு இன்னா?"

எல்லைத் தகராறு

மறுநாள் காலை தொட்டிக்குப் போகும் வழியில் முனுசாமி, "எங்க ஊரு மெட்ராஸ்ல சேர்றதுக்கு உன்னைக் கேட்டுக்கினு இருக்கணுமா?" என்றார்.

சுப்பய்யா தோளை உருவிக்கொண்டார். "அப்ப மெட்ராஸ் தோளையே பிடிச்சுக்கோ!" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார்.

முனுசாமி தூணைப் பிடித்து ஒற்றைக் காலில் நின்றார். நான் ஓடினேன். "நீ தள்ளு நைனா!" என்று சீறினார். சுப்பய்யாவுக்குப் பதில் சொல்லாமல் விட அவருக்கு மனமில்லை. ஆனால் தூணுக்கும் அந்த அறைக்கும் நடுவில் எட்டடிக்குப் பிடிமானம் கிடையாது. காலை ஊன்றினார். முகமெல்லாம் வேர்த்தது. மறுபடி ஊன்றினார். சுப்பய்யாவின் வாசலை எட்டிப் பிடித்துக் கத்தினார்: "வரதய்யபாளையம் மெட்ராஸ்தான்யா!"

சுப்பய்யா அவரைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்தார்.

"நான் ஒத்துக்க மாட்டேன். கீழே பாரு, உன் ரெண்டு காலும் ஆந்திராவுலதான் ஊணி நிக்குது!"

முதல் மழைக்கே முனுசாமி ஏர் பிடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டு, வருகிற ஒவ்வொருவருக்கும் நல்ல எதிராளியாகப் பார்த்துப் பக்கத்து அறையில் சேர்த்துக்கொள்கிறேன்.