செனோபியா வாங்க மறுத்த மாத்தே

செனோபியா தோலாபா இல்லையென்றால் எங்கள் மலைச் சுகாதார நிலையத்துக்குக் கால் இல்லை. நான் நர்ஸ், மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து அதிகாரம் பண்ணினேன். மலையேறி வீடு வீடாகப் போய், யாருக்குக் காய்ச்சல், எந்தக் குழந்தைக்கு எடை குறைவு என்று எழுதிக்கொண்டு வந்தவள் அவள். தோளில் நீலப் பை, கையில் நாய் விரட்ட ஒரு குச்சி. அந்த நாய்களெல்லாம் அவளைக் கண்டால் வாலாட்டும். குச்சி சும்மா அழகுக்கு.

அவளுக்குக் கதவு திறந்தது மருந்தால் அல்ல, மாத்தேயால். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவருக்குச் சுரைக்குடுவையில் மாத்தே இலை போட்டு வெந்நீர் ஊற்றித் தருவார்கள். ஒரே குடுவை, ஒரே குழல், எல்லார் வாய்க்கும் சுற்றி வரும். குழலைத் துடைத்தாலே வீட்டுக்காரர் முகம் சுருங்கிவிடும். ஒரு நாளைக்குப் பத்து வீட்டில் குடிப்பாள் செனோபியா. வயிறா, தண்ணீர்த் தொட்டியா என்று கேலி பண்ணுவேன்.

"குடிக்காம கேட்டா பொய் சொல்லுவாங்க, நெலிதா. குடிச்சிட்டுக் கேட்டாத்தான் உண்மை வரும்" என்பாள்.

2009, ஜூன் மாதம்; எங்கள் பக்கம் அதுதான் குளிர்காலம். புது ஃப்ளூ எங்கள் மாகாணத்துக்கும் வந்துவிட்டதாக ரேடியோ கத்தியது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். தலைமை ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்தது: குடுவையைப் பகிராதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், காய்ச்சல்காரர் தனியாகப் படுக்கட்டும், கர்ப்பிணிக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே மாத்திரை. தாள் வருவதற்குள் பல வீடுகளில் ஆட்கள் படுத்துவிட்டார்கள்.

சுவரில் இருந்த வரைபடத்தில் நோய் கண்ட வீடுகளுக்குச் சிவப்புப் பொட்டு வைத்தேன். பதினொன்று. செனோபியா அதையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து தன் நோட்டை எடுத்து மேஜையில் விரித்தாள். போன வாரம் அவள் போன வீடுகள், போன வரிசையிலேயே, ஒவ்வொன்றாகப் படுத்திருந்தன. போன வாரம் அவளுக்கு லேசாக மூக்கு ஒழுகியிருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

நோட்டில் பன்னிரண்டாவது வீடும் இருந்தது. தோன் சிரிலோ என்று ஊரே மரியாதையாகக் கூப்பிடும் கிழவரின் வீடு. அவர் மருமகள் மாபெல் ஏழு மாதக் கர்ப்பிணி. அங்கிருந்து மட்டும் ஒரு சேதியும் வரவில்லை.

மாத்திரையை எடுத்துக்கொண்டு இருவரும் ஓட்டமும் நடையுமாக ஏறினோம். சிரிலோ வாசலில் நின்று, எப்போதும்போல் முதல் குடுவையை அவளிடம் நீட்டினார். முகமூடி போட்டிருந்த செனோபியா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இத்தன வருஷமா இனிச்ச எச்சி இன்னிக்குக் கசக்குதோ?" என்று கேட்டுவிட்டுக் கிழவர் கதவைச் சாத்தினார். உள்ளே யாரோ இருமுவது கேட்டது. பெண் குரல்.

எனக்கு வந்ததே கோபம்! போலீஸைக் கூப்பிடுவேன், அது இது என்று ஆரம்பித்தேன். செனோபியா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கதவோடு கதவாகப் பேசினாள்.

"தோன் சிரிலோ, உங்க எச்சிக்கு நான் பயப்படல. என் எச்சிக்குத்தான் பயப்படறேன். போன வாரம் இந்தச் சீக்கை நான்தான் கொண்டாந்து உங்க குடுவையில வச்சிட்டுப் போயிருக்கேன். என்னைத் திட்டுங்க, அடிங்க. மாபெலைப் பாக்க மட்டும் விடுங்க."

கதவு திறந்தது. மாபெலுக்கு முந்தின நாள்தான் காய்ச்சல் தொடங்கியிருந்தது. முதல் மாத்திரையை அங்கேயே விழுங்க வைத்தோம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டாள். ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்தது.

அடுத்த சுற்றில் அந்த வீட்டுச் சுவரில் ஒரு புது ஆணி. அதில் செனோபியாவுக்கென்றே ஒரு தனிக் குடுவை. கிழவரே வாங்கி மாட்டியிருந்தார். சாகும்வரை அவள் அங்கே அதில்தான் குடித்தாள்.

இப்போது மலையேறுவது நான். செனோபியா, உன் முழங்கால் வலியை அன்றைக்குக் கிண்டல் பண்ணினேனே, இப்போது தெரிகிறதடி. போன குளிர்காலத்தில் மாபெல் மாத்தே நீட்டினாள். தொண்டை கரகரக்கிறது, வேண்டாம் என்றேன். அவள் முகம் சுருங்கவில்லை. ஆணியிலிருந்த செனோபியாவின் குடுவையை எடுத்து, கொதிநீரில் அலசி, புது இலை போட்டு என் கையில் கொடுத்தாள்.

என்னால் குடிக்க முடியவில்லை. இத்தனை வருஷம் அடைத்துக் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அன்னிக்கு மூக்கு ஒழுகுது, இந்த வாரம் போகலன்னுதான் அவ சொன்னா, மாபெல். ஒரு தும்மலுக்கு லீவான்னு சிரிச்சு அனுப்பி வச்சவ நான். உங்க வாசல்ல அவ பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டப்ப, பக்கத்துல வாயை மூடிக்கிட்டு நின்னேன்."

மாபெல் கெட்டிலை எடுத்து, என் குடுவையில் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள்.

"குடிங்க, ஆறிடும்" என்றாள்.