ஆறு மாசம் தந்தவர்

அவர் கதவைத் திறந்து உள்ளே வந்ததும், காத்திருந்தவர்களில் ஒருவர் சட்டென்று எழுந்து நின்றார். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த தாள்கள் தரையில் சிதறின. தான் எங்கே இருக்கிறோம் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்ததுபோலக் குனிந்து அவற்றைப் பொறுக்கினார். வந்தவர் ஒன்றையும் கவனிக்கவில்லை. மூலைக் கதிரையில் போய் உட்கார்ந்தார், உடனே எழுந்தார், சன்னலடிக்குப் போனார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், வெக்ஸ்போர்ட்டில், ஒரு பல்வைத்தியரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் இருந்த சட்டத்தரணி அலுவலகத்தில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தேன்.

தாள்களைப் பொறுக்கியவர் தம்பியை இங்கே கூப்பிட ஸ்பொன்சர் படிவம் நிரப்ப, நகரத்தின் மறுகோடியான ரெக்ஸ்டேலிலிருந்து வந்திருந்தார். கையெழுத்து வாங்கும்போது, “அவரைத் தெரியுமோ அண்ணை?” என்று கேட்டேன்.

“தெரியும் தங்கச்சி. எனக்கு ஆறு மாசம் மறியல் தந்தவர்.”

ஆறு மாதச் சிறைத்தண்டனையை அவ்வளவில் சொல்லி, பேனையைத் திருப்பித் தந்துவிட்டு அவர் போய்விட்டார்.

சன்னலடியில் நின்றவர் ஊர் நீதிமன்றத்தில் நீதவானாக இருந்தவர். கொழும்பில் சட்டம் படித்து, சில வருடம் வழக்குப் பேசி, பிறகு நீதவானாகி வடக்கிலும் கிழக்கிலுமாக ஆறு ஊர்களில் இருந்திருக்கிறார். எந்த ஊரிலும் மூன்று வருடம் தாண்டவில்லை. இடமாற்றக் கடிதம் வந்தால் ஒரு பகலுக்குள் வீட்டுச் சாமானைக் கட்டிவிடுவோம் என்பார். கடைசி ஊரில், வயலுக்குள் கிடந்த ஐந்து உடல்களைப் பார்த்து மரண விசாரணை நடத்தினார். மோதலில் இறந்தார்கள் என்று எழுதும்படி இராணுவத்தினர் சொன்னார்கள். கைகள் கட்டப்பட்ட நிலையில் சுடப்பட்டவர்கள் என்று எழுதினார். அதற்குப் பிறகு, தேடி வருவார்கள் என்று பயந்து, அவர் எந்த வீட்டிலும் ஒரு கிழமைக்கு மேல் தங்கியதில்லை. கனடாவுக்குத் தனியாக வந்து சேர்ந்தார். மனைவி கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் காத்திருந்தார்.

நியமனக் கடிதம் வீட்டோடு எரிந்துபோனது. நீதிமன்றமும் எரிந்தது. கொழும்புக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. முதல் அகதி விசாரணையில் அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: நீங்கள் நீதவானாக இருந்தீர்கள் என்பதற்கு உங்கள் சொல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது? விசாரணையை ஆறு கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். பதினைந்து வருடம் மற்றவர்களிடம் அதே கேள்வியைக் கேட்டவர், அதன்பின் தினமும் எங்கள் அலுவலகத்துக்கு வந்து கதவுக்கும் சன்னலுக்கும் இடையில் நடந்தார். உட்காரச் சொன்னால், “இருக்க ஏலாமல் கிடக்கு, பிள்ளை” என்பார். அவர் நடக்க நடக்க எனக்கும் தட்டச்சு செய்ய வராது. அவரைத் தெரிந்த ஒருவர் இதே நகரத்தில் இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்வதா விடுவதா என்று இரண்டு கிழமை தவித்தேன். கடைசியில் சொன்னேன்.

பெயரைச் சொன்னதும் நடை நின்றது. கூட்டுறவுச் சங்கக்கடை உடைப்பு வழக்கு என்றார். கடையின் கிளாக்கர் அந்த இளைஞன். கடை உடைபட்ட நேரத்தில் அவன் தன்னோடு வீட்டில் இருந்தான் என்று தாய் சாட்சி சொன்னார். மகனுக்காகத் தாய் வேறென்ன சொல்வாள் என்று தீர்ப்பில் எழுதி, அவன்தான் உடைத்தான் என்ற மனேஜரின் சொல்லை நம்பினார் நீதவான்.

“அவரிட்டை நான் உதவி கேக்க ஏலாது” என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வந்து, “அங்க போக எத்தினை பஸ் எடுக்கவேணும்?” என்று கேட்டார்.

நானும் கூடப் போனேன். வழியெல்லாம் பனி. ரெக்ஸ்டேல் அண்ணை கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளே விட்டார். அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். நீதவான் அதைத் தொடவில்லை, உட்காரவும் இல்லை. சாட்சி சொல்ல வருவீர்களா என்று அவர் கேட்பார் என நான் காத்திருந்தேன்.

“நீர் அதைச் செய்யேல்லை” என்றார். “அதுக்குப் பிறகு ரெண்டு வருசத்தால அந்த மனேஜர் வேற ஒரு வழக்கில என்ரை முன்னாலயே வந்தவர். சங்கக்கடையையும் தான்தான் உடைச்சது எண்டு ஒப்புக்கொண்டவர். மேல் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். எனக்குப் பதவி உயர்வு வர இருந்த நேரம். நான் பேசாமல் இருந்திட்டன்.”

ஏன் இதைச் சொல்கிறார், வந்த வேலையைக் கெடுக்கிறாரே என்று நான் நினைத்தேன். அந்த ஆறு மாதத்துக்குப் பிறகு ஊரில் யாரும் ரெக்ஸ்டேல் அண்ணைக்கு வேலை கொடுக்கவில்லை என்பதை அவருடைய மனைவிதான் சொன்னார். பிறகு அண்ணை, “நீங்கள் போங்கோ” என்றார். வாசலில் நான் விசாரணை நாளும் இடமும் எழுதிய துண்டை அந்த அக்காவின் கையில் வைத்தேன்.

விசாரணை நாளில் ரெக்ஸ்டேல் அண்ணை வருவார் என்று நாங்கள் யாரும் நம்பவில்லை. தொழிற்சாலைச் சீருடைக்கு மேல் குளிர்ச்சட்டையோடு வந்தார். இவர் நீதவான் என்று எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டார்.

“எனக்கு மறியல் தந்தவர்.”

“நீங்கள் குற்றம் செய்தீர்களா?”

“இல்லை. அது அவருக்கும் தெரியும்.”

மொழிபெயர்ப்பைக் கேட்ட அதிகாரி பேனையை வைத்துவிட்டு நீதவானைப் பார்த்தார். எங்கள் சட்டத்தரணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் நீதவான், உண்மைதான், எனக்குத் தெரியும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அறையில் அவர் அசையாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

ஒரு மாதத்தில் முடிவு வந்தது, நீதவானை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். அடுத்த வருடம் அவருடைய மனைவி வந்து சேர்ந்தார். எத்தனையோ விசாரணைகளுக்குப் போயிருக்கிறேன், இப்போது ஓய்வும் பெற்றுவிட்டேன். எந்தத் தாழ்வாரத்தில் காத்திருந்தாலும் இன்னமும் எனக்கு நிலைகொள்வதில்லை. அந்த விசாரணை முடிந்து வெளியே வந்ததும் தாழ்வாரத்தில் நடந்ததுதான் நினைவுக்கு வரும்.

நீதவான் கையை நீட்டினார். ரெக்ஸ்டேல் அண்ணை அதைப் பிடிக்கவில்லை.

“அம்மா ஊரிலதான் இருக்கிறா” என்றார். “பொய்ச்சாட்சிக்காரி எண்டு சனம் சொன்னதை இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. அவ சொன்னது உண்மை எண்டு எழுதித் தாங்கோ.”

நான் என் குறிப்புப் புத்தகத்திலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தேன். நீதவான் சுவரில் வைத்து எழுதினார், கிழித்தார், மறுபடி எழுதினார். மூன்றாவது தாளில் கையெழுத்திட்டு, பழக்கத்தில் அதற்குக் கீழே ‘நீதவான்’ என்றும் எழுதிவிட்டார். எழுதியதைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. அந்தச் சொல்லை வெட்டப் பேனையைக் கொண்டுபோனார்.

“அதை வெட்டாதேங்கோ” என்றார் ரெக்ஸ்டேல் அண்ணை. “அது இருந்தாத்தான் அம்மா நம்புவா.”