புயல் வந்தாலும் ஆடாது

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், மூவார் ஊரில் கடைவாசல்களுக்கு ஆவ்னிங், அதாவது வெயிலுக்கும் மழைக்கும் தகரக் கூரை, போட்டுக் கொடுப்பவர் ரூபேந்திரன். அவர் கார்டில் பெயருக்குக் கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: ‘புயல் வந்தாலும் ஆடாது. ஆடினால் இலவசமாக மாற்றித் தரப்படும்.’ சுமத்ரா தீவு கடலை மறித்துக்கொண்டு குறுக்கே கிடக்கும்போது ஜொகூருக்குப் புயல் எங்கிருந்து வரப்போகிறது என்ற தைரியம்தான். ஆயிரம் கார்டு அடித்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

ஒரே காலையில் புயல் வந்து போனது. ஆற்றுமுகத்திலிருந்து கடைத்தெரு வரை மரமும் தகரமும் சாலையில் கிடந்தன. தண்ணீர் வடிந்ததும் ரூபேந்திரன் மோட்டார் சைக்கிளில் ஒரு சுற்று வந்தார். கடைத்தெருவில் அவர் போட்ட பதினொன்றில் ஒன்றுகூட இடத்தில் இல்லை. ஒன்று மட்டும் தென்னை மரத்தில் தொங்கியது, அவருடைய போன் நம்பரோடு. ‘இருபது வருஷத் தொழிலில் இப்போதுதான் உயரத்துக்கு வந்திருக்கிறோம்’ என்று நினைத்துக்கொண்டார்.

மீரா பீவியின் ரொட்டிக் கடையை வேகமாகக் கடந்துவிடப் பார்த்தார். முடியவில்லை. பீவி சாலைக்கே வந்து கார்டை நீட்டினார்.

“தம்பி, இது நீங்க எழுதினதுதானே?”

“புயல் வராதுன்னு நம்பி எழுதிட்டேன்க்கா.”

“நான் நீங்க எழுதினத நம்பிட்டேன் லா. மேசை எல்லாம் வாசல்லதான் கெடக்கு. கூர இல்லாம எப்படிக் கட தொறக்க?”

ரூபேந்திரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பட்டறைத் தகரமெல்லாம் வெள்ளத்தோடு போயிருந்தது. புதுச் சரக்கு வர ஒரு மாதமாகும். அதுவரை பீவி எதைச் சாப்பிடுவார்?

வீட்டுக்கு வந்தால், சொந்த வீட்டு ஆவ்னிங் ஒரு திருகாணிகூட அசையாமல் நின்றது. அசையாததற்குக் காரணமும் அவருக்குத் தெரியும். ‘அடுத்த வாரம் போடறேன்’ என்று ஆறு வருஷம் இழுத்தடித்ததில், மனைவி ஷாமளா வெறுத்துப்போய் அவருடைய போட்டிக்காரர் காளிதாஸைக் கூப்பிட்டுப் போட்டது அது.

“ஏணியப் பிடி, ஷாமளா. இதக் கழட்டி பீவிக்காவுக்குப் போடணும்.”

“அப்ப நம்ம வீட்டுக்கு?”

“அடுத்த வாரம் போடறேன்.”

புயல் அடித்த மூன்று நாளில் முதல்முறையாக ஷாமளா சிரித்தாள். ஏணியையும் பிடித்தாள்.

மறுநாள் காலை பீவி கடையில் ரொட்டி வீசும் சத்தம் கேட்டது. மேலே காளிதாஸின் பெயரும் நம்பரும் பளிச்சென்று தெரிந்தன. பீவி அண்ணாந்து பார்த்தார்.

“அந்தப் பேர அழிச்சிட்டு உங்க பேர எழுதலையா தம்பி?”

“வேணாம்க்கா. புயல்ல ஆடாம நின்னது அந்தப் பேருதான்.”